வெள்ளைச் சட்டை தெரிந்ததும் வண்டியைத் திருப்பினேன்

2022 ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தாம்பரம் பக்கம் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டு நானும் மனைவியும் குரோம்பேட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். என் தலையில் ஹெல்மெட் இருந்தது. அவள் தலையில் இல்லை. கனகாம்பரமும் மல்லியும் சேர்த்துக் கட்டிய பூ நசுங்கிவிடும் என்று ஹெல்மெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டாள். "பத்து நிமிஷ தூரம்தானே, விடு" என்று சொன்னவன் நான்தான்.

அந்த வருடம் மே 23-ஆம் தேதி முதல், பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று சென்னையில் பிடிக்க ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் பக்கமும் செக்கிங் கூடியிருந்தது. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் கிளம்பினேன்.

ஒரு மேம்பாலத்தின் இறக்கத்தில், நூறு நூற்றைம்பது அடி தூரத்தில், டிராஃபிக் போலீஸின் இரண்டு வெள்ளைச் சட்டைகள் தெரிந்தன. ஓரமாக ஐந்தாறு வண்டிகள் நின்றிருந்தன. யோசிக்கவே இல்லை. கை தானாகத் திரும்பியது. வண்டியை இடது ஓரத்தில் அப்படியே மடக்கி, வந்த வழியிலேயே, வருகிற வண்டிகளுக்கு எதிராக விட்டேன். பின்னால் ஒரு சந்து இருப்பது எனக்குத் தெரியும். அதற்குள் நுழைந்துவிட்டால் போதும் என்ற ஒரே நினைப்பு. கண் முழுக்கக் கண்ணாடியில் இருந்தது, யாராவது துரத்தி வருகிறார்களா என்று.

எதிரே சைக்கிளில் வந்த இடியாப்பக்காரரை நான் பார்க்கவே இல்லை.

அவர் சைக்கிளின் பின் கேரியரில் பெரிய அலுமினியப் பெட்டி. அது சரிந்து, மூடி திறந்து, தட்டுத் தட்டாக அடுக்கிய இடியாப்பம் மொத்தமும் தார் ரோட்டில் கொட்டியது. அதிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன். பிறகுதான் மனைவி ரோட்டில் உட்கார்ந்த நிலையில் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டில் குத்தியிருந்தது. கை இருக்க வேண்டிய கோணத்தில் இல்லை. இடியாப்பக்காரருக்கு முட்டி கிழிந்து ரத்தம். அவர் எழுந்து என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்: "ஏன் சார், எதுக்கு சார் எதிர்ல வந்தீங்க?"

எந்தப் போலீஸ்காரருக்குப் பயந்து திரும்பினேனோ, அவர்தான் ஓடி வந்தார். முதலில் இரண்டு கையையும் விரித்து, பின்னால் வந்த வண்டிகளை எங்களைச் சுற்றிப் போகச் செய்தார். ஓர் ஆட்டோவை நிறுத்தினார். மனைவியை ஏற்றிவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார். "நிறுத்தியிருந்தா என்ன சார் பண்ணியிருப்போம்? நூறு ரூபா ஃபைன். அதுக்கா?"

அப்போது தமிழ்நாட்டில் ஹெல்மெட்டுக்கு நூறு ரூபாய்தான். அந்த நூறு ரூபாய்க்காக மணிக்கட்டில் பிளேட் வைத்து ஆபரேஷன், எண்பதாயிரத்துக்கு மேல் செலவு, மூன்று மாதம் அவளால் மாவு பிசைய முடியாது, தலை பின்ன முடியாது. இடியாப்பக்காரரின் சைக்கிள் ரிம், பெட்டி, நாலு நாள் வியாபாரம் எல்லாவற்றுக்கும் நான் பணம் கொடுத்தேன். அவர் புகார் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் இந்திய தண்டனைச் சட்டம் 279, 337 பிரிவுகளில் என் மேல் வழக்கு வந்திருக்கும். போக்குவரத்துக்கு எதிர்த் திசையில் ஓட்டுவதே அபாயகரமாக ஓட்டும் குற்றம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவில் 2019-இல் சேர்த்திருக்கிறார்கள். தலையில் ஹெல்மெட் இல்லாத ஒரு சின்ன விதிமீறலை மறைக்கப் போய், அதைவிடப் பெரிய குற்றத்தைச் செய்தேன். இதை யாரிடமும் சொல்லாமல் இரண்டு வருடம் வைத்திருந்தேன். "வண்டி ஸ்லிப் ஆயிடுச்சு" என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொன்னோம். அவள் எனக்காக அந்தப் பொய்யைச் சொன்னாள்.

நான் மெடிக்கல் ரெப். பத்தொன்பது வருடமாகத் தென்சென்னை முழுக்க பைக்கில்தான் வேலை. ஒரு நாளைக்கு எழுபது எண்பது கிலோமீட்டர். காலையில் ஸ்டாக்கிஸ்ட் எனும் மொத்த மருந்து வியாபாரி, மதியம் மருந்துக்கடைகள், சாயங்காலம் ஆறிலிருந்து ராத்திரி பத்து வரை கிளினிக் கிளினிக்காக டாக்டர்களைப் பார்ப்பது. டாக்டர் எழுந்து போவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் எப்போதும் உண்டு. எந்த சிக்னலில் எந்த நேரம் போலீஸ் நிற்பார், எந்த மரத்தடியில் மாதக் கடைசியில் செக்கிங் இருக்கும், எந்தச் சந்து எங்கே போய் முட்டும் என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் டாக்டர் லீவா என்ற செய்தியோடு "இன்ன இடத்துல செக்கிங் நிக்கிறாங்க" என்ற செய்தியும் தினமும் வரும். நானும் போட்டிருக்கிறேன். எதிரே வருகிறவனுக்கு ஹெட்லைட்டை அடித்துக் காட்டுவதை உதவி என்றுதான் நம்பியிருந்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த அந்த ராத்திரி எனக்கு ஒன்று புரிந்தது. இத்தனை வருடமும் நான் ரோட்டைப் பார்த்து வண்டி ஓட்டவில்லை. போலீஸைத் தேடிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். மஞ்சள் விளக்கு விழுகிறது. கண் முதலில் எங்கே போகிறது? குறுக்கே வருகிற வண்டியின் மேலா, மூலையில் போலீஸ் நிற்கும் நிழற்குடையின் மேலா? எனக்கு நிழற்குடை மேல்தான் போகும். அங்கே ஆள் இல்லையென்றால் ஆக்ஸிலேட்டரை முறுக்குவேன். ஆள் இருந்தால் பிரேக்கை அழுத்துவேன், பின்னால் பஸ் எவ்வளவு நெருக்கமாக வருகிறது என்று பார்க்காமலே. இரண்டுமே ஆபத்து. மஞ்சள் விழுந்தால், பாதுகாப்பாக நிறுத்த முடிகிற தூரத்தில் இருந்தால் கோட்டுக்கு முன் நிற்க வேண்டும். நிறுத்த முடியாத அளவு நெருங்கிவிட்டால் கடந்து போக வேண்டும். அந்த முடிவில் போலீஸ்காரருக்கு இடமே இல்லை.

ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஒருமுறை ஒரு காருக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். நல்ல வேகம். தூரத்தில் முக்காலியில், வேகத்தை அளக்கும் ஸ்பீடு கன் கேமரா வைத்திருப்பதைப் பார்த்ததும் அந்தக் காரின் பிரேக் விளக்கு பளிச்சென்று எரிந்தது. எனக்கு முன்னால் காரணம் எதுவும் தெரியவில்லை. மாடு இல்லை, ஆள் இல்லை, சிக்னல் இல்லை. காரின் வலது மூலையை உரசிக்கொண்டு எப்படி வெளியே வந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. அந்த டிரைவர் ஃபைனிலிருந்து தப்பித்துவிட்டதாக நினைத்திருப்பார். கேமராவைப் பார்த்துவிட்டால் ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை மெல்ல எடுங்கள், அது போதும். தாமதமாகப் பார்த்துவிட்டீர்களா? ஃபைன் வரட்டும். பின்னால் வருகிறவன் உயிர் அதைவிடப் பெரிது.

சென்னையில் 2023 நவம்பரிலிருந்து வேகக் கட்டுப்பாடு இது: இருசக்கர வண்டிக்கு 50 கிலோமீட்டர், காருக்கு 60, கனரக வண்டிக்கு 50, ஆட்டோவுக்கு 40. குடியிருப்புத் தெருக்களில் எல்லா வண்டிக்கும் 30. அறிவிப்பு வந்தபோது எங்கள் ரெப் கூட்டத்தில் எல்லோரும் கோபப்பட்டார்கள். பிழைப்புக்கு ரோட்டில் ஓடுகிறவர்களுக்கு அந்தக் கோபம் வரத்தான் செய்யும். நான் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து கிலோமீட்டரை 65-இல் போனால் ஒன்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். 50-இல் போனால் பன்னிரண்டு நிமிடம். மிச்சமாவது மூன்று நிமிடம்கூட இல்லை, அதையும் நடுவில் விழுகிற ஒரு சிக்னல் விழுங்கிவிடும். அப்புறம் கிளினிக்கில் போய் நாற்பது நிமிடம் காத்திருப்போம்.

ஆபரேஷனுக்குப் பிறகு என் பழக்கங்களை ஒவ்வொன்றாக மாற்றினேன். ஒரே நாளில் நடக்கவில்லை. முதலில் மாறியது ஹெல்மெட்.

2015 ஜூலை 1-ஆம் தேதி, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி ஹெல்மெட் கட்டாயம் ஆனபோது நான் வாங்கியது பிளாட்ஃபாரத்தில் கிடைத்த ஒன்று. அந்த வாரம் கடைகளில் கூட்டம் தாங்கவில்லை. சைஸ் பார்க்கவில்லை, ஐஎஸ்ஐ முத்திரை பார்க்கவில்லை. போலீஸுக்குக் காட்டத் தலையில் ஏதோ ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஏழு வருடம் அதைத்தான் போட்டேன், அதுவும் பாதி நேரம் முழங்கையில் மாட்டிக்கொண்டு, சிக்னல் வருமுன் தலைக்கு ஏற்றி. தாடைப் பட்டையை மாட்டியதே இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு பட்டையால் தலையில் உறுதியாகக் கட்டியிருக்க வேண்டும் என்றே சொல்கிறது. பட்டை மாட்டாத ஹெல்மெட் விழுகிற வேகத்தில் நம்மைவிட முன்னால் பறந்துவிடும். இப்போது வீட்டில் இரண்டு ஹெல்மெட், இரண்டும் ஐஎஸ்ஐ. வாங்கும்போது தலையில் போட்டுப் பட்டையை மாட்டி, பின்பக்கத்தைப் பிடித்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அந்த சைஸ் வேண்டாம். மனைவி இப்போது கல்யாணத்துக்குப் போவதென்றால் பூவைப் பையில் எடுத்துக்கொண்டு வந்து மண்டப வாசலில் வைத்துக்கொள்கிறாள்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 கணக்கு பிறகு வந்தது. நாடு முழுக்க அந்த வருடம் விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029. அதில் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள் மட்டும் 14,337 பேர். அந்த எண்ணைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் தலை தரையில் படவில்லை, கை பட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்து போன். எங்கள் தொழிலில் போன் அடித்தால் மேனேஜர், இல்லை ஸ்டாக்கிஸ்ட், இல்லை டாக்டரின் உதவியாளர். ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டு பேசுவேன். 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குப் பதினான்கு மீட்டர் போகிறது. திரையை இரண்டு நொடி பார்த்தால் இருபத்தெட்டு மீட்டர் குருட்டுத்தனமாக ஓட்டியிருக்கிறோம். இப்போது போன் பையில், சத்தம் அணைத்து. மூன்று கிளினிக்குக்கு ஒருமுறை நிறுத்திப் பார்க்கிறேன். மேனேஜரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். முதல் மாதம் முணுமுணுத்தார், பிறகு பழகிவிட்டார். விற்பனை குறையவில்லை.

நிறுத்தினால் என்ன செய்வது என்பது பலருக்குத் தெரியவில்லை. தெரியாததால்தான் பயம், பயத்தால்தான் ஓட்டம். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கை காட்டினால் உடனே பிரேக் அடிக்காதீர்கள். கண்ணாடியில் பின்னால் பாருங்கள், இடது இண்டிகேட்டர் போடுங்கள், அவர் நிற்கும் இடத்தைக் கொஞ்சம் தாண்டிப் போனாலும் பரவாயில்லை, ஓரம் கட்டுங்கள். நடு ரோட்டில் நின்று பேச்சு வேண்டாம். இன்ஜினை அணைத்து, ஸ்டாண்ட் போட்டு, இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைக் காட்டுங்கள். "வணக்கம் சார்" என்று சொல்வதில் ஒன்றும் குறைந்துவிடாது. மழையிலும் வெயிலிலும் எட்டு மணி நேரம் புகையில் நிற்கிற மனிதர் அவர். சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி கேட்டால் லைசென்ஸைக் காட்ட வேண்டியது 130-வது பிரிவின்படி நம் கடமை. அதில் வாக்குவாதமே இல்லை.

பேப்பர்களை டிஜிலாக்கர், எம்பரிவாகன் என்ற அரசு ஆப்களில் காட்டினால் செல்லும். ஆனால் ஆப்பின் உள்ளே, அரசுப் பதிவிலிருந்து எடுத்த ஆவணமாக இருக்க வேண்டும். லைசென்ஸைப் போட்டோ எடுத்து கேலரியில் வைத்திருப்பது செல்லாது. என் நண்பர் ஒருவர் கேலரியைத் திறந்து காட்டிவிட்டு அரை மணி நேரம் சண்டை போட்டார். ராத்திரி பத்து மணிக்குப் போனில் சார்ஜ் இருக்காது, சில இடத்தில் நெட் கிடைக்காது. அதனால் லைசென்ஸ் கார்டை எப்போதும் பர்ஸில் வைத்திருக்கிறேன், மற்றதெல்லாம் ஆப்பில்.

தவறு செய்திருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். "அவனை விட்டீங்க, என்னை ஏன் பிடிக்கிறீங்க" என்ற கேள்வியால் ஒரு ஃபைனும் ரத்தானதாக நான் பார்த்ததில்லை. தவறு செய்யவில்லை என்றால் அமைதியாக, என்ன விதிமீறல் என்று கேளுங்கள். சலான், அதாவது அபராதச் சீட்டு, போடச் சொல்லுங்கள். ஒரு முறை ஒரு செக்கிங்கில் வண்டி நின்றதுமே சாவியை உருவிக்கொண்டு போனார்கள். பேப்பர் எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு உள்ளே கொதித்தது. இருந்தாலும் அங்கிருந்த எஸ்.ஐ.யிடம் போய், "சார், எல்லா பேப்பரும் இருக்கு, என்ன கேஸ்னு சொன்னா சலான் போட்டுக்குங்க, கட்டிடறேன்" என்றேன். பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டார். எல்லா நாளும் இப்படி நடக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. மரியாதைக் குறைவாகப் பேசுகிறவர்களும் உண்டு, அது தவறுதான். அதற்கு ரோட்டில் வைத்துத் தீர்ப்பு கிடைக்காது. பெயர்ப் பட்டை, இடம், நேரம் மூன்றையும் மனதில் குறித்துக்கொண்டு மேலதிகாரிக்கு எழுதலாம்.

கையில் ஐம்பது, நூறு திணித்துவிட்டு வருவதை நானும் செய்திருக்கிறேன். பத்து வருடம் செய்திருக்கிறேன். அந்த ஐம்பது ரூபாய் எனக்குக் கற்றுக்கொடுத்தது, எந்தத் தவறுக்கும் மலிவான விலை உண்டு என்பதை. அந்தப் பாடம்தான் என்னை மேம்பாலத்து இறக்கத்தில் திரும்ப வைத்தது. இப்போது கார்டிலும் யுபிஐயிலும் கட்டுகிறோம், இல்லாவிட்டால் சலானை வாங்கிக்கொண்டு வந்து ஆன்லைனில் கட்டலாம். ரசீது இல்லாத காசு கொடுக்காதீர்கள்.

ராத்திரி ஊதச் சொன்னால் ஊதுங்கள். நான் குடிப்பதில்லை, ஆனால் எங்கள் தொழிலில் மாதாந்திர மீட்டிங் முடிந்து குடித்துவிட்டு வண்டி எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் 185-வது பிரிவில் வழக்கு. முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதில் ரோட்டோரத்தில் ஃபைன் கட்டி முடிக்கிற வேலை இல்லை, நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். மருந்து விற்கிறவனாக ஒன்று சொல்ல வேண்டும்: சில அரிஷ்டங்களிலும் சில டானிக், மவுத்வாஷ் வகைகளிலும் ஆல்கஹால் உண்டு. வாயில் ஒட்டியிருக்கிற ஆல்கஹாலால் ஊதியதும் கருவி காட்டிவிடலாம். அப்படி ஏதாவது சாப்பிட்டிருந்தால் ஊதுவதற்கு முன்பே சொல்லுங்கள், கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதக் கேளுங்கள், வாய் ஆல்கஹால் அதற்குள் போய்விடும். செட்ரிசின் மாதிரி சளி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டுவதை எந்தக் கருவியும் காட்டாது. தூக்கம் மட்டும் வரும். போலீஸ் பிடிக்காத ஆபத்து அது, அதனால் யாரும் பேசுவதில்லை.

ஃபைன் தொகைகள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் கடைசியில் ஏறின. என் விபத்து நடந்து நாலு மாதம் கழித்து. ஹெல்மெட் இல்லையென்றால் நூறாக இருந்தது 1,000 ஆனது. போன் பேசினால் 1,000. இன்சூரன்ஸ் இல்லையென்றால் 2,000. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000. ஆம்புலன்சுக்கு வழிவிடாவிட்டால் 10,000. இதில் இன்சூரன்ஸை நான் ஒருமுறை கோட்டைவிட்டேன். புது வண்டிக்குப் போட்ட பாலிசி முடிந்தது தெரியாமல் மூன்று வாரம் ஓட்டியிருக்கிறேன். 2,000 போனதுகூடப் பெரிதில்லை. அந்த மூன்று வாரத்தில் யாரையாவது இடித்திருந்தால் இழப்பீடு முழுவதும் என் தலையில் விழுந்திருக்கும், வீட்டை விற்றாலும் தீராது. இப்போது இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் இரண்டின் கடைசித் தேதியும் சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையில் இருக்கிறது. பால் கணக்குக்குப் பக்கத்தில்.

பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினாறு வயது. டியூஷனுக்கு ஸ்கூட்டர் கேட்டான். "எல்லாரும் ஓட்டுறாங்கப்பா, உள்ரோட்லயே போயிடுவேன், போலீஸ் இருக்க மாட்டாங்க" என்றான். நான் சொல்லிக்கொடுக்காமலே அதே மொழி அவன் வாயில் வந்துவிட்டது. சிறுவன் ஓட்டினால் 199ஏ பிரிவில் பெற்றோருக்கு மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு ஒரு வருடம் ரத்து, அவனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இதையெல்லாம் சொல்லலாம் என்று வாய் திறந்தேன். சொல்லவில்லை. அவனை உட்கார வைத்து, அம்மாவுக்குக் கை எப்படி உடைந்தது என்று உண்மையைச் சொன்னேன். வண்டி ஸ்லிப் ஆகவில்லை என்று. அவன் வெகுநேரம் பேசவில்லை. அடுத்த வாரம் சைக்கிளைப் பழுது பார்க்கக் கொண்டுபோனான்.

இனி கேமரா. கை காட்டி நிறுத்துகிற காலம் மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமரா சிக்னல்களில் வந்துவிட்டது. ஆர்.சி. எனும் வண்டிப் பதிவுச் சான்றிதழில் எந்த மொபைல் நம்பர் பதிவாகியிருக்கிறதோ அதற்குத்தான் சலான் செய்தி வரும். நான் நம்பர் மாற்றி ஆறு வருடம் ஆகியும் ஆர்.சி.யில் மாற்றவில்லை. பழைய வண்டியை விற்கப் போனபோதுதான் நாலு சலான் கட்டாமல் இருப்பது தெரிந்தது. அதில் மூன்று நான் செய்தவை, போட்டோவில் தெளிவாக இருந்தன. ஒன்றில் ஸ்டாப் லைனைத் தாண்டி ஜீப்ரா கோட்டின் மேல் நிற்கிறேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா குழந்தையைப் பிடித்துக்கொண்டு என் வண்டியைச் சுற்றிப் போகிறார். அந்த நாள் எனக்கு நினைவே இல்லை. அப்படி எத்தனை பேரைச் சுற்றிப் போக வைத்திருக்கிறேனோ.

நாலாவது சலான் என்னுடையது இல்லை. வேறொரு மாவட்டத்தில், ஹெல்மெட் இல்லாமல் மூன்று பேர் போகிற ஸ்கூட்டர். என்னுடையது கறுப்பு மோட்டார் சைக்கிள். நம்பரில் ஓர் எழுத்தைத் தவறாகப் படித்திருக்கிறார்கள். கட்டிவிட்டு வேலையைப் பார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் கட்டவில்லை. இ-சலான் இணையதளத்திலேயே குறை சொல்லும் பகுதி இருக்கிறது. சலான் எண், ஆர்.சி., என் வண்டியின் முன்பக்கம் பின்பக்கம் போட்டோ எல்லாம் ஏற்றினேன். நேரிலும் ஒரு மனு கொடுத்தேன். இரண்டு மாதம் ஆனது, நீக்கினார்கள். கட்டாமல் சும்மா விட்டிருந்தால் விஷயம் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும், மெய்நிகர் நீதிமன்றம் என்ற இணையதளத்தில் வந்திருக்கும். அங்கேயும் அபராதம் கட்டுகிறேன், வழக்கை எதிர்கொள்கிறேன் என்று இரண்டு வழி இருந்தது. கேமராவில் பதிவான விதிமீறலுக்கு 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், கேமரா இருக்கும் பாதையில் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும் என்றும் 2021-இல் மத்திய விதி வந்திருக்கிறது. இதைத் தெரிந்து வைத்திருங்கள், நிஜமாகவே தவறாக வந்த சலானை எதிர்க்க உதவும்.

வாட்ஸ்அப்பில் "உங்கள் வண்டிக்குச் சலான் வந்திருக்கிறது, பார்க்க இதை இன்ஸ்டால் செய்யவும்" என்று ஒரு ஃபைல் வந்தால் தொடாதீர்கள். நான் போகிற ஒரு மருந்துக்கடையில் வேலை செய்யும் தம்பி தொட்டுவிட்டார். சம்பளம் ஏறிய அன்று மொத்தமும் போய்விட்டது. சலான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நீங்களே போய் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். நான் மாதம் முதல் தேதி பார்க்கிறேன். கடந்த இருபது மாதத்தில் ஒன்றும் வரவில்லை.

வாட்ஸ்அப் குரூப்பில் செக்கிங் செய்தி போடுவதை நான் நிறுத்தியதும் சிலர் கேட்டார்கள். சொன்னேன். ஒருவர் மட்டும் தனியாக போன் செய்து, அவர் தம்பி இதே மாதிரி செக்கிங்கைப் பார்த்துத் திரும்பி, லாரியில் போய் விழுந்ததைச் சொன்னார். எட்டு வருடமாக அவர் அந்தக் குரூப்பில் இருக்கிறார். அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன மாதம் அதே மேம்பாலம், அதே இறக்கம். மனைவி பின்னால், பட்டை மாட்டிய ஹெல்மெட்டோடு. கீழே வெள்ளைச் சட்டைகள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. பிளேட் வைத்த கையால் என் தோளைப் பிடித்தாள், "என்னங்க" என்று மட்டும் சொன்னாள். நான் இடது இண்டிகேட்டர் போட்டு வேகத்தைக் குறைத்தேன். போலீஸ்காரர் எங்கள் இருவர் தலையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, போகலாம் என்று கையை அசைத்தார். பேப்பர்கூடக் கேட்கவில்லை. குரோம்பேட்டை சிக்னல் வரும் வரை அவள் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.